எழுத்து வெட்டிய கார்புரேட்டர்

எங்கள் வீட்டில் எழுத்து வெட்டாத உருப்படி இரண்டே இரண்டுதான். ஒன்று அக்கா, இன்னொன்று நான். மற்றபடி தாம்பாளத்திலிருந்து சைக்கிள் பம்ப் வரைக்கும் எதைத் திருப்பிப் பார்த்தாலும் அப்பாவின் தலைப்பெழுத்தும் பெயரின் முதல் எழுத்தும் புள்ளி புள்ளியாக இருக்கும். அப்பா திருநெல்வேலி டவுனில் பாத்திரக் கடை வைத்திருந்தார். கடை வாசலில் எழுத்து வெட்டுகிறவர் ஒருவர் சாக்கை விரித்து உட்கார்ந்திருப்பார். சின்ன உளியை வைத்துச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் எழுத்து விழுந்துகொண்டே வரும். வாங்குகிறவர்களுக்கு வெட்டிய நேரம் போக, மிச்ச நேரமெல்லாம் எங்கள் வீட்டுச் சாமான்களுக்கு வெட்டினார் என்றுதான் நினைக்கிறேன்.

ஈயம் பூசப் போகும் அண்டாவானாலும் பந்திக்கு இரவல் போகும் வாளியானாலும் எழுத்து இல்லாமல் எங்கள் வீட்டுப் படி தாண்டாது. "வெளிய போற பொருளுக்கு எழுத்து வேணும்" என்பார் அப்பா. யார் மேலும் சந்தேகப்பட்டு அல்ல, வெறும் பழக்கம். பாத்திரக்காரர்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம்தான். ஆனால் அந்தப் பழக்கம் எங்கள் குடும்பத்தைப் பதினைந்து வருஷத்துக்கு மேல் இரண்டாகப் பிளந்து வைத்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும்.

அப்பாவிடம் ஒரு கார் இருந்தது. எங்கள் பக்கத்துப் பழைய ஆட்கள் கார் என்று சொல்ல மாட்டார்கள், பிளசர் என்பார்கள். கறுப்பு நிறம், சீமையில் செய்தது, மலை எஸ்டேட்டில் இருந்த ஒரு துரை ஊருக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போனது. முன்விளக்கு இரண்டும் எதையோ கேட்டுத் திடுக்கிட்டதுபோல முழித்துக்கொண்டிருக்கும். அப்பா அந்த வண்டியைத் தொட்ட மாதிரி என்னையோ அக்காவையோ தொட்டுக் கொஞ்சியதில்லை. குறையாகச் சொல்லவில்லை, அவருக்கு அது தெரியாது.

அவர் மாப்பிள்ளை பார்த்த விதமும் தனி. ஊரெல்லாம் அரசாங்க வேலையில் மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்த காலம். ஆழ்வார்குறிச்சியில் எங்களுக்குத் தூரத்து உறவுக்காரர் ஒருவர் மோட்டார்ப் பட்டறை வைத்திருந்தார். அவருடைய மகன்தான் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் பாபநாசம் போய்விட்டு வரும் வழியில் வண்டி இழுக்கவில்லை என்று அப்பா அங்கே நிறுத்தினாராம். அந்த மகன் பானெட்டைத் திறக்கவில்லை, பக்கத்தில் நின்று கண்ணை மூடிச் சத்தத்தைக் கேட்டார். பிறகு, "மூணாவது பிளக் அடிக்கல மாமா" என்றார். கழற்றிப் பார்த்தால் அப்படித்தான் இருந்தது. அப்பா வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றுவதற்கு முன்பே அம்மாவிடம், "மூத்தவளுக்கு மாப்பிள்ளை கெடச்சாச்சு" என்று சொல்லிவிட்டார். அக்கா அழுதாள். கல்யாணமான ஒரு மாதத்தில், அந்த அழுகை எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை. அத்தான் அவ்வளவு நல்ல மனுஷன். பேச்சு குறைவு, கோபமும் குறைவு. கோபம் வந்தால் மட்டும் அது போகாது.

கல்யாணமாகி ஒரு வருஷம் இருக்கும். வண்டி விக்கல் எடுத்தது. கார்புரேட்டரில் கோளாறு என்று அப்பாவுக்கே தெரிந்தது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குள் அனுப்புகிற உறுப்பு அது. கையில் எடுத்தால் ஒரு கூஜா அளவுதான் இருக்கும். வண்டியை ஆழ்வார்குறிச்சிக்கு அனுப்புவது என்று முடிவானது. அந்தச் சமயத்தில் கடைக்கு வந்த யாரோ, பட்டறைக்காரர்கள் சீமைக் கார்புரேட்டரைக் கழற்றிக்கொண்டு உள்ளூர்ச் சரக்கை மாட்டி அனுப்பிவிடுகிறார்கள் என்று ஊர்ச் செய்தியாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். மறுநாள் காலையில் எழுத்து வெட்டுகிறவர் எங்கள் வீட்டு ஷெட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அம்மாதான் கேட்டாள்: "மாப்பிள்ளை பட்டறைக்குப் போறதுக்கு எதுக்குங்க எழுத்து?" அப்பா, "வெளிய போற பொருள்லா" என்றார். அவ்வளவுதான் பேச்சு. பெட்ரோல் தேங்கும் கிண்ணத்தின் பக்கவாட்டில் இரண்டு எழுத்து விழுந்தது.

வண்டி ஆயுத பூஜைக்கு முந்தின நாள் திரும்பி வந்தது. அத்தானின் பட்டறை ஆள்தான் ஓட்டிவந்தார். விக்கல் போயிருந்தது. அப்பா சந்தோஷமாகப் பானெட்டைத் திறந்தார். உள்ளே எல்லாம் பளபளவென்று புதிதாக இருந்தது. அப்பா குனிந்தார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார், விரலால் தடவினார். எழுத்து இல்லை.

மற்ற யாராவது என்றால் நாலு நாள் பொறுத்திருப்பார்கள். அப்பா பூஜையை முடித்த கையோடு ஆழ்வார்குறிச்சிக்குப் போனார். பட்டறையில் நாலு வண்டிக்காரர்கள் நிற்கும்போது, "என் கார்புரேட்டர் எங்க மாப்பிள்ளை?" என்று கேட்டார். அத்தான், "வண்டியிலதான் இருக்கு மாமா, அதே பொருள்தான்" என்றார். "அதே பொருள்னா என் எழுத்து எங்க?" அதற்கு அத்தான் பதில் சொல்லவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். பதில் சொல்லாததே அப்பாவுக்குச் சாட்சியாகிவிட்டது. பொருளைக் கொண்டு வந்தால்தான் அவர் எங்கள் வீட்டுப் படி ஏறலாம் என்று கத்திவிட்டு வந்தார். என் புருஷன் ஏறாத படியில் எனக்கு என்ன வேலை என்று அக்கா சொல்லி அனுப்பினாள்.

அதோடு முடிந்தது. அப்பா வண்டியை ஷெட்டில் விட்டுச் சாவியை எடுத்துவிட்டார். திருட்டுச் சாமானைப் போட்டு என் வண்டி ஓட வேண்டாம் என்றார். ஆனால் பிரியம் போகவில்லை. ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் ஓடாத வண்டியைக் கழுவித் துடைத்து, எஞ்சின் முழுக்கத் தன் கையால் வெள்ளிப் பெயிண்ட் அடித்து, சந்தனம் குங்குமம் வைப்பார். கள்ளச் சரக்கு என்று அவர் சொன்ன அந்தக் கார்புரேட்டருக்கும் பெயிண்ட் உண்டு, பொட்டு உண்டு. திட்டிக்கொண்டே பூசுவார்.

அம்மா அக்காவைப் பார்க்க வேண்டுமென்றால் கோவிலுக்கு என்று சொல்லிவிட்டு அம்பாசமுத்திரம் போவாள். அக்கா அங்கே வந்து காத்திருப்பாள். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து, கொண்டுபோன அதிரசத்தைக் கொடுத்துவிட்டு, அக்காவின் பிள்ளைகளின் தலையைத் தடவிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவாள். அப்பாவுக்கு இது தெரியும். தெரியாததுபோல இருந்தார். அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு அக்காவும் அத்தானும் வரவில்லை. அம்மா மணையில் உட்கார்ந்து, புகை கண்ணில் படுகிறது என்று சொல்லிச் சொல்லி முகத்தைத் துடைத்தாள். புகை எதிர்ப்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் அப்பாவுக்கு எழுபது வந்தது. எழுபதுக்கும் சாந்தி செய்ய வேண்டும் என்று உறவுக்காரர்கள் கிளம்பினார்கள். அப்பாவுக்கும் ஆசை. அன்றைக்குத் தன் பிளசரில்தான் கோவிலுக்குப் போக வேண்டும் என்று வேறு ஆசை. அம்மா, முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே, மிகச் சாதாரணமாகச் சொன்னாள்: "மூத்த மாப்பிள்ளை வந்து நிக்காம நான் மணையில உக்கார மாட்டேன். நீங்க வேணும்னா தனியா உக்காந்துக்கிடுங்க." நாற்பத்தைந்து வருஷத்தில் அம்மா அப்பாவிடம் சொன்ன முதல் 'மாட்டேன்' அதுதான். அப்பா நாற்காலியை விட்டு எழுந்து ஷெட்டுக்குப் போய்விட்டார்.

அன்று மாலை அவர் என்னைக் கூப்பிட்டார். நான் அப்போது பாளையங்கோட்டையில் டீச்சர். கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தேன். "அந்தப் பொருள அவன் எங்கயாவது வித்துருப்பான். பழைய சாமான் எல்லாம் எங்க சுத்துனாலும் ஒரு நாள் கடைக்கு வரும். தேடிக் கொண்டா. அது வீட்டுக்கு வந்துட்டா நான் ஒன்னும் கேக்க மாட்டேன். அவன் வரட்டும்" என்றார். அவர் இறங்கி வந்த தூரம் அவருக்குப் பெரியது. எனக்கு எரிச்சலாக இருந்தாலும் சரி என்றேன்.

ஒரு மெக்கானிக்கைப் பிடித்து ஞாயிற்றுக்கிழமைகளில் வரவைத்தேன். எஞ்சின் இறுகிப் போயிருந்தது. பிளக் துவாரம் வழியாக மண்ணெண்ணெயும் ஆயிலும் ஊற்றி ஊறவைத்துப் பைய அசைத்து எடுத்தார். பிஸ்டன் ரிங் மதுரையிலிருந்து வந்தது. மற்ற வேலைகளை அவர் ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டு வந்தார். கார்புரேட்டரை மட்டும் தொடக் கூடாது என்று அப்பாவின் உத்தரவு. அசல் வந்த பிறகு அதைக் கழற்றித் தூர எறிந்துகொள்ளலாமாம்.

அந்த அசலைத் தேடி நான் அலைந்த அலைச்சலைச் சொல்ல வேண்டும். கார்புரேட்டரின் அடிப்பாகத்தைக் காகிதத்தில் வரைந்து கைப்பையில் வைத்துக்கொண்டேன். ஜங்ஷன் பக்கம் இருந்த சாமான் கடைகளில் என்னைப் பார்த்ததும் முதலில் கேட்பது, "சார் வரலியா டீச்சர்?" என் வீட்டுக்காரருக்குக் கார்புரேட்டருக்கும் காபி வடிகட்டிக்கும் வித்தியாசம் தெரியாது. "சார் வந்தா நீங்க எதைக் குடுத்தாலும் வாங்கிட்டுப் போயிருவாரு அண்ணாச்சி, அதான் நான் வந்திருக்கேன்" என்றேன். அதன் பிறகு ஸ்டூல் போட்டார்கள். நாங்குநேரி ரோட்டோரப் பட்டறை ஒன்றில், சீமைச் சரக்கு, பெட்டி பிரிக்காதது என்று ஒன்றைக் காட்டினார்கள். பெட்டி சீமைதான். உள்ளே இருந்தது வேறு ஏதோ வண்டியுடையது. ஓட்டை பொருந்துவதற்காக அரத்தால் ராவியிருந்தார்கள்.

எழுத்து வெட்டியது வேண்டும் என்று அப்பா தனக்குத் தெரிந்த வியாபாரிகளிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அது பெரிய தப்பு. ஒரு மாதத்தில் ஒரு கடைக்காரர் வீடு தேடியே வந்துவிட்டார். "உங்க எழுத்து போட்டதே கெடச்சிருக்கு அண்ணாச்சி, பாருங்க." எழுத்து இருந்தது. ஆனால் அது கரண்டில் ஓடும் பேனாவால் எழுதியது. புள்ளி இல்லை, நீளக் கோடு. பள்ளத்தில் உலோகத் தூள்கூட இன்னும் போகவில்லை. அப்பா அதை ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு, "காபி குடிச்சிட்டுப் போங்க" என்றார். வந்தவர் காபியைக் குடித்துவிட்டுத்தான் போனார்.

அன்றைக்குத்தான் அம்மா என்னை அடுப்படிக்குள் இழுத்துக் கதவை ஒருச்சாய்த்தாள். "ஏட்டி, அந்தக் கடைக்காரன் செஞ்சத நாம ஒழுங்காச் செஞ்சா என்ன?" என்றாள். எனக்கு முதலில் புரியவில்லை. "நல்ல பொருளா ஒன்னு தேடிப் பிடி. எழுத்து வெட்டுனவுக இன்னும் டவுன்ல தான இருக்காக. அவுக கையாலயே வெட்டிக்கிடுவோம். ஒங்கப்பாக்கு அடையாளம் தெரியாது. மனசு ஆறிரும்." எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு சின்னப் பொய் சொல்லும்போதும் முந்தானையைக் கடிக்கிற என் அம்மா, கள்ளச் சரக்கு தயார் பண்ணச் சொல்கிறாள். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. "எனக்கு மூத்தவ அந்த மணைக்குப் பக்கத்துல வந்து நிக்கணும். அம்புட்டுத்தான்" என்றாள்.

மேலப்பாளையத்தில் பழைய இரும்புக் கடை வைத்திருந்த ஒரு பாய்தான் வழி சொன்னார். காகிதத்தில் இருந்த படத்தைப் பார்த்ததும் தலையை ஆட்டினார். "இந்த வண்டி எஞ்சினெல்லாம் ரோட்டுல தேடுனா கெடைக்காதும்மா. கடல்ல தேடணும். முன்னாடி புன்னக்காயல்காரங்க ரெண்டு மூணு எஞ்சின் எங்கிட்ட வாங்கிட்டுப் போயிருக்காங்க, வள்ளத்துல மாட்ட. அங்கன போய்க் கேளுங்க, இன்ஷா அல்லா இருக்கும்." காருக்கென்று செய்த எஞ்சின் படகில் போகும் என்று நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை.

ஒரு சனிக்கிழமை அம்மாவும் நானும் போனோம். அப்பாவிடம் வழக்கம்போலக் கோவில் என்று சொன்னோம். ஆத்தூரில் பஸ் மாறி, உப்பளங்களைத் தாண்டி, ஆறு கடலில் சேரும் இடம்வரை போய் இறங்கினோம். எங்கள் ஊரில் குறுக்குத்துறையில் பார்க்கிற அதே ஆறுதான், அங்கே அகலமாக, யாரையும் தெரியாததுபோலக் கிடந்தது. நாலு பேரிடம் விசாரித்து அந்த வீட்டைக் கண்டுபிடித்தோம். வீட்டுக்காரர் வள்ளத்துக்கு டீசல் எஞ்சின் மாற்றி வெகுநாளாகிவிட்டது. பழைய கார் எஞ்சின் வாசலில் இருந்தது. காயப்போட்ட வலை காற்றில் பறக்காமல் இருக்க அதை மேலே தூக்கி வைத்திருந்தார்கள். முழுக்கத் துரு. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அதுல ஒன்னும் இல்லக்கா, உப்பு தின்னுட்டுது" என்றார் அவர். "கார்பேட்டரு மட்டும் கழத்தி வச்சிருக்கேன். மண்ணெண்ணெயில ஓடுறதுக்கு வேற மாட்டிட்டோம், இது சும்மா கெடக்கு." அவருடைய மனைவி உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். உள்ளே கிரீஸ் தடவிய துணியில் சுற்றி அது இருந்தது. காகிதத்தை அடியில் வைத்துப் பார்த்தேன். ஓட்டைக்கு ஓட்டை பொருந்தியது.

எதற்காக வேண்டும் என்று அந்த அம்மாள் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்கு முன் அம்மா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், எழுத்து வெட்டப் போவதுவரைக்கும். எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் அந்த அம்மாள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கும் ஒரு மவ பேச்சில்லாமத்தான் இருக்கா. கொண்டுபோங்க" என்றார். எவ்வளவு வற்புறுத்தியும் விலை சொல்லவில்லை. காரியம் முடிந்ததும் ஒரு கார்டு போடச் சொன்னார், அவ்வளவுதான்.

எழுத்து வெட்டுகிறவர் டவுன் ரத வீதியில் இன்னொரு கடை வாசலுக்கு மாறியிருந்தார். அம்மா விஷயத்தைச் சொன்னதும் பெரிதாகக் கேள்வி கேட்கவில்லை. முட்டிக்கு நடுவில் கார்புரேட்டரை வைத்துக்கொண்டு, "அன்னைக்கு வெட்டுனது ஞாபகம் இருக்கு. செம்பு பித்தளைன்னா தைரியமா அடிப்பேன். இது ஒடஞ்சி கிடஞ்சி போச்சுன்னா மொதலாளிக்கு யாரு பதில் சொல்லன்னு பைய, ரொம்பப் பையத்தான் தட்டினேன். இப்பவும் அப்படியே தட்டுதேன்" என்றார். மேலாகப் படிந்த புள்ளிகளோடு இரண்டு எழுத்து விழுந்தது. புதுசு தெரியாமல் இருக்க அம்மா கொஞ்சம் அடுப்புக்கரியைத் தேய்த்தாள். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்னது என் காதில் விழுந்தது, மண்டைக்குள் போகவில்லை.

அப்பா மத்தியானம் சாப்பிட்டுத் தூங்கும் நேரம். ஷெட்டில் அம்மாவும் நானும் மட்டும் இருந்தோம். புன்னக்காயல் கார்புரேட்டரில் ஒரு ஸ்பிரிங்கும் இரண்டு திருகும் இல்லை. வண்டியில் இருப்பதிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். நானே கழற்றிவிட்டேன். ஆனால் பெயிண்ட் அப்பி அப்பித் திருகு எது, உடம்பு எது என்றே தெரியவில்லை. ஒரு பழைய கிண்ணியில் தின்னரை ஊற்றி அதை அப்படியே போட்டேன். கொஞ்ச நேரத்தில் பெயிண்ட் உப்பிக்கொண்டு வெங்காயத் தோல்போல உரிய ஆரம்பித்தது. ஒன்று உரிந்தால் அடியில் இன்னொன்று. ஒவ்வொன்றும் அப்பாவின் ஓர் ஆயுத பூஜை. கடைசியில் ஒரு பூச்சு இருந்தது, மற்றதைவிட மெல்லிசாக, கோடு தெரியாமல், நல்ல கைக்காரர் அடித்தது. அதையும் துணியால் துடைத்தேன்.

அடியில் புள்ளி புள்ளியாக இரண்டு எழுத்து.

 அம்மா என் கையிலிருந்து அதை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, கட்டை விரலால் தடவினாள்.  எழுத்து எங்கேயும் போகவில்லை. மாமனார் வண்டி பூஜைக்கு வீடு போகிறது என்று, பட்டறைகளில் எல்லோரும் செய்வதுபோல, அத்தான் வெள்ளிப் பெயிண்ட் அடித்து அனுப்பியிருக்கிறார். பைய வெட்டிய எழுத்து பெயிண்டில் மூடிப்போயிருக்கிறது. அப்பா தேடியது இல்லை என்றதும் கத்திவிட்டு வந்து, அதன் மேலேயே வருஷா வருஷம் பூசி மறைத்திருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் உள்ளே போய் அவரை எழுப்பியிருப்பேன். அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

எங்கள் முன்னால் இரண்டு கார்புரேட்டர் இருந்தது, இரண்டிலும் ஒரே எழுத்து. கடல்காரர் கொடுத்ததை மாட்டினால் காரியம் சுலபமாக முடிந்துவிடும். அப்பா சமாதானமாவார், அக்கா வருவாள், எழுபது நன்றாக நடக்கும். அதை நான் சொன்னேன் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். "பேசாம இதையே மாட்டிருவோமாம்மா? அப்பா வயசான காலத்துல..." என்று ஆரம்பித்தேன்.

அம்மா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கடல்காரர் கொடுத்ததைத் தொட்டாள். பிறகு, "இத மாட்டுனா ஒங்கப்பா மாப்பிள்ளைய மன்னிச்சு விட்டுருவாக. அத மாட்டுனா மாப்பிள்ளைதான் ஒங்கப்பாவ மன்னிக்கணும்" என்றாள். "களவாண்டாலும் போகட்டும்னு மன்னிச்ச வீட்டுக்கா அவரு வரணும்? எம்மவ புருஷன் களவாணி இல்லட்டி."  புன்னக்காயல் கார்புரேட்டரைத் துணியில் சுற்றிப் பரணில் பழைய பாத்திரங்களோடு போட்டுவிட்டு, அசலைக் கையில் எடுத்துக்கொண்டு அப்பாவின் கட்டிலருகே போனாள்.

அப்பா அதை வாங்கி, எழுத்தையும் ஓரத்தில் ஒட்டியிருந்த வெள்ளிப் பெயிண்டையும் தடவிப் பார்த்தார். மத்தியான வெயில் தாழும்வரை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். காபி ஆறிப்போனது. கத்துவார், மறுப்பார், நாங்கள் புதிதாக வெட்டியது என்று சொல்வார் என்றெல்லாம் எதிர்பார்த்து நான் பதில்களை அடுக்கி வைத்திருந்தேன். எல்லாம் வீணாயிற்று. அந்த முகத்தைப் பார்த்துக் கோபப்பட என்னால் முடியவில்லை. பாவமாக இருந்தது. கடைசியில், "காலையில ஆழ்வார்குறிச்சிக்கு பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

அம்பாசமுத்திரத்தில் மாறி, கடையம் பஸ் பிடித்து, பட்டறை வாசலில் நாங்கள் மூன்று பேரும் இறங்கினோம். அப்பா துண்டில் சுற்றியதை நெஞ்சோடு பிடித்திருந்தார். அத்தான் ஒரு டிராக்டருக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். தலை நரைத்திருந்தது. எங்களைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு, "வாங்க மாமா, வாங்கத்தே" என்றார், போன வாரம் பார்த்தவர்களை அழைப்பதுபோல. பட்டறைக்குப் பின்னால்தான் வீடு. சத்தம் கேட்டு அக்கா பின்வாசலில் வந்து நின்றாள்.

அப்பா துண்டைப் பிரித்தார். "மாப்பிள்ளை, பொருள் எங்கிட்டதான் இருந்திருக்கு" என்றார்.

"தெரியும் மாமா" என்றார் அத்தான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தெரியுமா? தெரிஞ்சா ஏன் அத்தான் சொல்லல? ஒரு பிளேடு வச்சுச் சுரண்டிக் காட்டிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்குமே!"

அத்தான் என்னைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்துத்தான் பேசினார். "கழுவும்போதே எழுத்தப் பாத்தேன் மாமா. உங்க கடைப் பழக்கம் எனக்குத் தெரியும். வெளிய போற பொருளுக்குத்தான எழுத்து வெட்டுவீக?" கை துடைத்த துணியை டிராக்டர் மேல் போட்டார். "என் பட்டறை உங்களுக்கு வெளியவா மாமா?"

 அக்கா பின்வாசலிலிருந்து வந்தாள். அவளை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. "இத எங்கிட்ட ஏன் சொல்லல? இத்தன வருஷம் எங்கம்மாவ பஸ் ஸ்டாண்டுல வச்சுப் பாத்துட்டு வந்தேனே!" என்றாள் அத்தானிடம்.

"சொன்னா நீ அன்னைக்கே ஓடிப்போயி அவுககிட்ட சொல்லிருப்ப."

"சொல்லிருப்பேன்தான்!"

இரண்டு ஆண்களின் ரோஷத்துக்கு நடுவில் என் அக்காவும் அம்மாவும் கிடந்து நசுங்கியிருக்கிறார்கள். ஒருவர் கேட்டிருக்கலாம், ஒருவர் சொல்லியிருக்கலாம். அதை அங்கேயே சத்தமாகச் சொல்லிவிட நாக்கு துடித்தது. ஆனால் அத்தானின் நரைத்த தலையைப் பார்த்தேன். இத்தனை வருஷமும் அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார் மனுஷன். அப்பா வந்து நிற்கட்டும் என்று காத்திருந்திருக்கிறார். 

அப்பா பட்டறையைச் சுற்றிப் பார்த்தார். "ஒரு அரம் குடுங்க" என்றார்.

அத்தானுக்குப் புரியவில்லை. மேஜையில் கிடந்த அரத்தை எடுத்துக் கொடுத்தார். அப்பா கார்புரேட்டரை மேஜை ஓரத்தில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு எழுத்தின் மேல் அரத்தை வைத்தார். "மாமா, வேண்டாம், விடுங்க" என்று அத்தான் பதறிப் போய்க் கையைப் பிடித்தார். அப்பா தட்டிவிட்டு ராவ ஆரம்பித்தார். எழுபது வயசுக் கை, வேகம் இல்லை. ஆனால் நிறுத்தவில்லை. பொடி உதிர்ந்து அவர் வேட்டியில் படிந்தது. பைய வெட்டிய எழுத்துதானே, சீக்கிரமே போய்விட்டது. முதலில் தலைப்பெழுத்து, அப்புறம் அவர் எழுத்து. கட்டை விரலால் தடவி, ஒன்றும் தட்டுப்படவில்லை என்று பார்த்துக்கொண்டு, அத்தானின் கையில் வைத்தார்.

"இப்பம் எழுத்து இல்ல மாப்பிள்ளை. உங்க கையில குடுக்கேன். வீட்டுக்கு வந்து மாட்டிக் குடுங்க" என்றார். துண்டை முகத்தில் வைத்துக்கொண்டார்.

அத்தான் ராவிய இடத்தை விரலால் ஒரு தடவை தடவினார். பிறகு சாமான் பையை எடுத்து, அதற்குள் பைய வைத்து, அக்காவைத் திரும்பிப் பார்த்து, "கெளம்பு" என்றார்.

அக்கா சேலைகூட மாற்றவில்லை. வீட்டைப் பூட்டி, பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கொடுக்கச் சொல்லிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, எங்கள் எல்லோருக்கும் முன்னால் போய் பஸ்ஸுக்கு நின்றாள்.